நடுவில் நிற்கும் பேச்சு

அசாமின் சில்சார் ரயில் நிலையத்தில் 1961 மே 19 அன்று சுடப்பட்டு இறந்த பதினோரு பேரும் வீட்டில் எப்படிப் பேசியிருப்பார்கள் என்ற கேள்வி என்னை விடுவதாக இல்லை. எதற்காக இறந்தார்கள் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அசாமியை மட்டும் மாநில ஆட்சிமொழியாக்கிய 1960ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து, வங்காள மொழிக்காகத் தண்டவாளத்தில் உட்கார்ந்தவர்கள் அவர்கள். அந்தப் பதினோரு பேரில் ஒரே பெண் கமலா பட்டாச்சார்யா. பதினாறு வயது, மெட்ரிக் பரீட்சையை அப்போதுதான் எழுதி முடித்திருந்தார், பிரிவினையில் பாகிஸ்தானுக்குப் போன சில்ஹெட்டை விட்டு வந்த குடும்பம். அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் சில்சார் இருக்கும் பராக் பள்ளத்தாக்கில் வங்காளத்துக்கு ஆட்சிமொழி இடம் கிடைத்தது. ஆனால் அந்தப் பள்ளத்தாக்கின் வீடுகளில் அன்றும் இன்றும் பெரும்பாலும் புழங்குவது சில்ஹெட்டி. கொல்கத்தாவில் பிறந்து வளர்ந்தவர் அதைப் பாதிதான் பிடித்துக்கொள்வார். இலையைக் குறிக்கும் 'பாதா' அங்கே உதடு ஒட்டாமல் காற்றோடு 'ஃபாதா' என்று வரும். ககரம் தொண்டையில் உரசி நம் ஆய்தத்தின் பக்கமாக ஒதுங்கும். கொல்கத்தாக்காரர் மூச்சை அழுத்தி விடும் இடங்களில் சில்ஹெட்டிக்காரர் அந்த மூச்சைக் கைவிட்டுச் சுருதியை உயர்த்துகிறார். அந்த உயர்வே பொருளை வேறாக்குகிறது. இதற்கென்று சில்ஹெட்டி நாகரி என்ற தனி எழுத்தும் இருந்தது. முஸ்லிம் வீடுகளில் கதைப்பாடல் நூல்களை அதில்தான் எழுதிப் படித்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது அச்சேறவும் செய்தது. அப்படியென்றால், அன்று ரயில் நிலையத்தில் இறந்தவர்கள் தங்கள் அடுப்படியில் பேசாத ஒரு மொழிக்காகவா இறந்தார்கள்? இப்படிக் கேட்பதே தவறோ என்று எனக்குப் படுகிறது. அவர்கள் கொடுத்ததை அவர்களிடமிருந்தே பறிப்பதுபோல் இருக்கிறது. ஒருவர் தன் மொழி என்று எதைச் சொல்கிறாரோ அதுதான் அவருடைய மொழி, மற்றவர்களுக்கு அதில் பேச்சில்லை என்று நினைக்கத்தான் விருப்பம். ஆனால் அந்தப் பேச்சை என்னவென்று அழைப்பது என்பதை இந்த நிலப்பரப்பில் பேசுகிறவர்கள் மட்டும் முடிவுசெய்ததே இல்லை. என்னை உறுத்துவது அதுதான்.

வங்காளத்தையும் அசாமியையும் இரண்டு கட்டங்களாக வரைந்து, நடுவே ஒரு கோடு போட்ட படங்களைப் பள்ளிப் புத்தகங்களில் பார்த்துப் பழகிவிட்டோம். ஜார்ஜ் கிரியர்சனின் இந்திய மொழிகள் கணக்கெடுப்பில் இவ்விரு மொழிகளுக்கான பகுதி 1903இல் வெளிவந்தது. அதைப் புரட்டும்போது அந்தக் கோடு கண்முன்னே கரையும். ஊதாரி மகனின் பைபிள் கதையை ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ளூர்ப் பேச்சில் சொல்லவைத்து எழுதி வாங்கியிருக்கிறார்கள். அதே தகப்பன், அதே இரண்டு மகன்கள், அதே சொத்துப் பிரிவினை, அதே பன்றித் தீவனம். பக்கம் பக்கமாகப் படிக்கப் படிக்க மகன் மட்டும் மாறிக்கொண்டே போகிறான்: கொல்கத்தா பக்கம் 'செலே', கூச் பிஹாரில் 'பேட்டா', சிட்டகாங்கில் 'போவா', அசாமில் 'புதேக்'. ஒரு மாவட்டத்துக்கும் அடுத்த மாவட்டத்துக்கும் நடுவில் எங்கேயும் பெரிய பள்ளம் கிடையாது. இரண்டு முனைகளையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தால்தான் அவை இரண்டு மொழி என்பது உறைக்கிறது. (இந்தக் கணக்கெடுப்பு சென்னை மாகாணத்துக்கு வரவேயில்லை. ராமநாதபுரத்துக்காரரும் கோயம்புத்தூர்க்காரரும் அதே கதையை 1900 வாக்கில் எப்படிச் சொல்லியிருப்பார்கள் என்பதற்கு அப்படியொரு ஆவணம் நம்மிடம் இல்லை. அந்த ஏக்கத்தோடுதான் நான் இந்தப் பக்கங்களைப் படிக்கிறேன்.) கோடு போட்டே தீருவேன் என்று யாராவது நின்றால் எதை வைத்துப் போடுவது? மறுப்பை எடுத்துக்கொள்ளலாம். அசாமியில் மறுப்பு வினைக்கு முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டுவதோடு நிற்காது, வினையின் முதல் உயிரைப் பார்த்துத் தன் உயிரையும் மாற்றிக்கொள்ளும். நான் செய்வதில்லை என்பதற்கு 'நகரோ', புரிவதில்லை என்பதற்கு 'நுபுஜோ', பார்ப்பதில்லை என்பதற்கு 'நேதேகோ', ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரு மூக்கொலி. கொல்கத்தா வங்காளத்தில் மறுப்பு வினைக்குப் பின்னால் தனியாக நிற்கும்: 'கோரி நா', 'புஜி நா', 'தேகி நா'. கேட்டதும் பிரித்துவிடக்கூடிய வேறுபாடு, கோடு கிழிக்கத் தோதானது என்று தோன்றும். ஆனால் வங்காளத்தின் கிளைமொழி என்று பட்டியலில் இருக்கும், கூச் பிஹார்ப் பக்கத்து ராஜ்பன்ஷியில் மறுப்பு அசாமிபோல் முன்னால் வருகிறது. தெற்கே கடலோரத்துச் சிட்டகாங் பேச்சிலும் முன்னால்தான் வருகிறது. இடையில் கிடக்கும் சில்ஹெட்டியோ ஒலியில் அசாமியோடு உறவாடிவிட்டு, மறுப்பைக் கொல்கத்தாபோலப் பின்னால் வைக்கிறது. ஒரு கூறை வைத்துக் கோடு போட்டால் இன்னொரு கூறு அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது.

இந்த நடுப்பகுதியில் எனக்கு மிகவும் விளங்காமல் இருப்பது கூச் பிஹாரின் கதை. அங்கே ஆண்ட கோச் மன்னர் நரநாராயணன் 1555இல், கிழக்கே அசாமை ஆண்ட அஹோம் மன்னருக்கு ஒரு கடிதம் எழுதினார். நலம் விசாரித்து, நட்பை வளர்க்கும் அரசியல் கடிதம். வங்காள உரைநடையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் தங்கள் மொழியில் கிடைத்த மிகப் பழைய உரைநடை மாதிரிகளில் ஒன்றாக இதைக் காட்டுகிறார்கள். அசாமிய உரைநடையின் வரலாற்றை எழுதுகிறவர்களும் இதே கடிதத்தைக் காட்டுகிறார்கள். இரண்டு தரப்பிடமும் நியாயம் இருக்கிறது. அந்த நூற்றாண்டில் அந்த இடத்தில் இரண்டும் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்திருக்கவில்லை. ஹரப்பிரசாத் சாஸ்திரி 1907இல் நேபாள அரண்மனை நூலகத்தில் கண்டெடுத்த பழம்பாடல்களான சர்யாபதங்களுக்கும் இதே நிலைதான். வங்காளிகள், அசாமியர், ஒடியர், மைதிலியர் எல்லோரும் அவற்றைத் தங்கள் முதல் பாடல்கள் என்கிறார்கள். ஆனால் சர்யாபதங்களைவிடக் கோச் மன்னரின் கடிதம்தான் என்னை அலைக்கழிக்கிறது. அது எழுதப்பட்ட நாட்டில் இன்றைக்கும் வீடுகளில் பேசப்படுவது வங்காளத்தின் புத்தக வடிவமும் இல்லை, அசாமியின் புத்தக வடிவமும் இல்லை. கூச் பிஹாரில் அதன் பெயர் ராஜ்பன்ஷி அல்லது காம்தாபுரி. எல்லை தாண்டி அசாமுக்குள் போனால் கோல்பாரியா. வங்கதேசத்துக்குள் ரங்பூரி. நேபாளத்தின் ஜாபா பக்கம் மறுபடியும் ராஜ்பன்ஷி. 2018இல் மேற்கு வங்க அரசு ராஜ்பன்ஷி, காம்தாபுரி இரண்டையும் ஆட்சிமொழிப் பட்டியலில் சேர்த்தது. பெயர்த் தகராறில் யாரையும் பகைத்துக்கொள்ளாமல் ஒரே பேச்சை இரண்டு பெயரிலும் எழுதிவைத்தது. இரண்டு பெரிய மொழிகளின் உரைநடைக்கும் தொடக்கம் தந்த இடத்தின் பேச்சு, அந்த இரண்டில் ஏதோ ஒன்றின் கொச்சை என்ற கணக்கில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இருந்திருக்கிறது. பாட்டை மட்டும் இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்கவில்லை. கூச் பிஹாரின் துபான்கஞ்சு பக்கத்தில் 1901இல் பிறந்த அப்பாஸுத்தீன் அகமது பாடிய பாவையா பாடல்கள் டாக்காவில் வங்காள நாட்டுப்புற இசை. துபான்கஞ்சிலிருந்து ஒரு பகல் பயணத்துக்குள், அசாமில் இருக்கும் கௌரிப்பூர் ஜமீன் வீட்டில் வளர்ந்த பிரதிமா பருவா பாண்டே பாடியது குவாஹாட்டியில் அசாமிய நாட்டுப்புற இசை. அவர் யானை பிடிப்பவர்களின் பாடல்களைப் பாடும்போது முதல் அடி ஒரு நீண்ட இழுப்பாகப் போய், குரல் நடுவில் வேண்டுமென்றே உடையும். அப்பாஸுத்தீனின் பழைய இசைத்தட்டுகளிலும் அதே உடைவு, அதே இடத்தில். மாநில எல்லைக்கு இரண்டு பக்கமும் குரல் ஒரே மாதிரி உடைகிறது, அலமாரிகள்தான் வேறு.

அசாமியின் துயரத்தை நான் குறைத்துச் சொல்லக்கூடாது. 1836இல் பிரிட்டிஷ் நிர்வாகம் வங்காளத்தை அசாமின் நீதிமன்ற மொழியாகவும் பள்ளி மொழியாகவும் ஆக்கியது. அசாமி தனிமொழியே இல்லை, வங்காளத்தின் நாட்டுப்புற வடிவம் என்று நீதிமன்றங்களில் சொல்லப்பட்டது. தன் தாய்மொழியில் மனு எழுதினால் அது தவறான வங்காளம் என்று கருதப்பட்ட முப்பத்தேழு வருடங்கள். ஆனந்தராம் டெகியால் புக்கன் 1855இல் எழுதிய சிறுநூல், அமெரிக்க பாப்டிஸ்ட் பாதிரிகள் 1846 முதல் சிவசாகரிலிருந்து நடத்திய 'ஒருணோதய்' பத்திரிகை, மைல்ஸ் பிரான்சன் 1867இல் கொண்டுவந்த அகராதி என்று பலர் தோள் கொடுத்த பிறகே 1873இல் அசாமி தன் இடத்துக்குத் திரும்பியது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஆனால் திரும்பி வந்த அசாமி எந்த அசாமி? பாதிரிகளின் அச்சுக்கூடம் சிவசாகரில் இருந்தது. கிழக்கே மேல் அசாமின் பேச்சு அச்சேறி, அதுவே இலக்கணமாகவும் பாடப்புத்தகமாகவும் ஆனது. மேற்கே காம்ரூப், பர்பேட்டா, கோல்பாரா பேச்சுகள் 'வட்டார வழக்கு' ஆயின. அசாமின் வைணவ குரு சங்கரதேவரின் மடங்கள் தழைத்ததும், அவர் 1568இல் கோச் நாட்டில் கண் மூடியதும் அந்த மேற்கில்தான். எங்கள் மொழி உங்கள் மொழியின் கொச்சை இல்லை என்று வாதாடி வென்ற அந்த வாதத்தைக் கோல்பாராவின் ஒரு விவசாயி அப்படியே எடுத்து அசாமிக்கு எதிரே வைத்திருக்கலாம். அவரிடம் அச்சுக்கூடம் இல்லை. 1950களில் மாநில மறுசீரமைப்பு ஆணையத்தின் முன்னால் மேற்கு வங்கம் கோல்பாராவைக் கேட்டது, அசாம் மறுத்தது. அங்கே பேசப்படுவது வங்காளமா அசாமியா என்று இரண்டு தரப்பும் வாதிட்டன. மூன்றாவதாக ஒரு விடை அந்த மேசையில் இல்லை.

எழுத்திலும் இந்த வடு இருக்கிறது. அசாமிக்கும் வங்காளத்துக்கும் எழுத்து ஏறக்குறைய ஒன்று. கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் வேறுபாடு ரகரத்தில். தலைக்கோட்டிலிருந்து தொங்கும் ஒரு முக்கோணம். வங்காளத்தில் அதன் கீழே ஒரு புள்ளி, அசாமியில் அதன் வயிற்றைக் கீறும் ஒரு சாய்கோடு. இந்த வயிறு கீறிய ரகரத்தைப் பழைய வங்காளச் சுவடிகளிலும் பார்க்கலாம். வங்காளம் பின்னர் புள்ளிக்கு மாறிக்கொண்டது, அசாமி பழையதை வைத்துக்கொண்டது. கணினிக் காலத்தில் யூனிகோட் பட்டியல் வந்தபோது முழுத் தொகுதிக்கும் 'வங்காளம்' என்று பெயர் வைத்தார்கள். அசாமியின் ரகரத்தை எண்களுக்கும் பின்னால் கொண்டுபோய் வைத்து, 'நடுவில் சாய்கோடு உள்ள வங்காள ரகரம்' என்று பெயரிட்டார்கள். அதற்கடுத்து அசாமியின் வகரம். அதன் பெயர் 'கீழே சாய்கோடு உள்ள வங்காள ரகரம்'. அது ரகரமே இல்லை. யூனிகோடில் ஒருமுறை வைத்த பெயரை மாற்றுவதில்லை என்பது விதி என்பதால் அது அப்படியே இருக்கும். அசாமிய நண்பர்கள் இதைப் பற்றிக் கொதிப்பதை முன்பெல்லாம் மிகையுணர்ச்சி என்று கருதியதுண்டு. 1836ஐப் படித்த பிறகு அப்படிக் கருத முடியவில்லை.

ஆனாலும் எண்கள் வேறு கதையும் சொல்கின்றன. 1931 கணக்கெடுப்பில் அசாமில் அசாமி பேசுவோர் 31.4 விழுக்காடு, 1951இல் 56.7. இடையில் சில்ஹெட் பாகிஸ்தானுக்குப் போனது ஒரு காரணம். மைமன்சிங் முதலான கிழக்கு வங்க மாவட்டங்களிலிருந்து வந்து பிரம்மபுத்திராவின் மணல்திட்டுகளில் குடியேறிய முஸ்லிம் விவசாயிகள் தங்கள் தாய்மொழி அசாமி என்று எழுதச் சொன்னது இன்னொரு காரணம். பிள்ளைகளை அசாமிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். 'புதிய அசாமியர்' என்ற பெயரும் கிடைத்தது. வீட்டில் மைமன்சிங் பேச்சுதான். பயமா, நன்றியா, நாளைய கணக்கா, இல்லை உண்மையிலேயே இந்த மண்ணோடு ஒன்றிவிட வேண்டும் என்ற ஆசையா? எல்லாமும் கலந்துதான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். 2011இல் அசாமி 48.38 விழுக்காடு, வங்காளம் 28.92. பாதிக்கும் கீழே இருக்கும் அசாமியின் முதலிடம் யாருடைய வாயில் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த மணல்திட்டுப் பேச்சிலேயே இளைஞர்கள் 2016 முதல் கவிதை எழுதத் தொடங்கியபோது, எழுதுவதென்றால் நல்ல அசாமியில் எழுதலாமே என்ற குரல் படித்தவர்களிடமிருந்தே வந்தது. அந்தக் கவிதை இயக்கத்தைச் சேர்ந்த பத்துப் பேர்மீது 2019இல் வழக்குப் பதிவானது. கணக்கெடுப்பில் அசாமி என்று சொன்னபோது அவர்கள் உறவினர். தங்கள் பேச்சில் எழுதியபோது அந்நியர்.

டாக்காவைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. அங்கே வங்காளத்தை ஆட்சிமொழியாக்கக் கோரியவர்கள் சுடப்பட்டு இறந்த 1952 பிப்ரவரி 21ஐ உலகமே தாய்மொழி நாளாகக் கொண்டாடுகிறது. கொண்டாடத் தகுந்த நாள்தான். அதற்கு இருபது வருடம் கழித்து, விடுதலை பெற்ற வங்கதேசத்தின் அரசியல் சட்டம் குடிமக்கள் எல்லோரையும் வங்காளிகள் என்று அறிவித்தபோது, சிட்டகாங் மலைப்பகுதியின் உறுப்பினர் மானபேந்திர நாராயண் லார்மா நான் சக்மா, வங்காளி இல்லை என்று அவையில் எழுந்து மறுத்தார். சக்மா பேச்சு இதே குடும்பத்தைச் சேர்ந்தது, சிட்டகாங் பேச்சுக்கு நெருங்கிய உறவு. எழுத்து மட்டும் பர்மியச் சாயலில் உருண்டு திரண்டது. லார்மாவின் மறுப்பு மொழியியலில் செல்லுமா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வி எனக்குக் கூசுகிறது. அந்த மலைகளுக்குத் தெற்கே நாஃப் ஆற்றுக்கு அப்பால் ரோஹிங்கியாக்கள் இருந்தார்கள். அவர்கள் பேச்சும் சிட்டகாங் பேச்சை ஒட்டியது. அந்த ஒற்றுமையைக் காட்டியே பர்மிய அரசு அவர்களை வங்காளிகள், வந்தேறிகள் என்றது. 2017இல் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காக்ஸ் பஜாருக்கு வந்து சேர்ந்தார்கள். முகாம் பிள்ளைகளுக்கு வங்காளம் கற்பிக்க அனுமதி இல்லை. கற்றுக்கொண்டால் இங்கேயே கலந்துவிடுவார்கள் என்று அஞ்சியதால் அவர்களுக்குப் பர்மியப் பாடத்திட்டம். பேச்சின் சாயலுக்காக ஒரு நாடு விரட்டியது. அதே சாயல் இன்னொரு நாட்டில் உரிமை எதையும் பெற்றுத்தரவில்லை.

2025 ஜூலை இறுதியில் டெல்லி காவல்துறை மொழிபெயர்ப்பாளர் கேட்டு எழுதிய ஒரு கடிதம் வங்காளத்தை 'வங்கதேச மொழி' என்று குறிப்பிட்டது. அதை நியாயப்படுத்த வந்த ஒரு கட்சிப் பிரமுகர் சில்ஹெட்டி போன்ற பேச்சுகளைச் சுட்டி, இந்திய வங்காளிகளுக்கு அவை புரியாது என்று வாதிட்டார். கொல்கத்தாவில் கொதித்தார்கள். பராக் பள்ளத்தாக்கில் வந்த கொதிப்பு வேறு மாதிரியானது; அவர்கள் வீட்டுப் பேச்சையே அந்நிய நாட்டின் அடையாளம் என்று சொல்லியாகிவிட்டது. ஒலியியலாக மட்டும் பார்த்தால் அந்த வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. கொல்கத்தாக்காரருக்குச் சில்ஹெட்டி எளிதில் புரியாது என்பதை நானே மேலே எழுதியிருக்கிறேன். அந்தச் செய்தியைப் படித்த இரவிலிருந்துதான் என் கேள்வி எனக்கே பயம் தரத் தொடங்கியது. சில்ஹெட்டி வங்காளத்திலிருந்து வேறானது என்று அன்போடு சொல்கிற ஆய்வாளரும், அதே வாக்கியத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கூலித்தொழிலாளியை எல்லைக்கு அப்பால் தள்ள நினைக்கிறவரும் ஒரே சான்றைப் பயன்படுத்துகிறார்கள். 1961இல் அந்தப் பதினோரு பேரும் சில்ஹெட்டி என்று சொல்லாமல் வங்காளம் என்று சொன்னதன் அறிவு எனக்கு அப்போதுதான் கொஞ்சம் புலப்பட்டது. சிறிய பெயரோடு தனியாக நிற்பவரை எந்தப் பக்கமும் தள்ளிவிடலாம். பெரிய பெயருக்குள் இருந்தால் சேர்ந்து கத்த நாலு பேர் வருவார்கள். ஆனால் அதற்கு ஒரு விலையும் உண்டு. அதே பள்ளத்தாக்கில் கல்கலிகாட் என்ற சிறிய ரயில் நிலையத்தில் 1996 மார்ச் 16 அன்று சுதேஷ்ணா சின்ஹா என்ற இளம்பெண் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். பிஷ்ணுப்பிரியா மணிப்புரி என்ற இதே குடும்பத்துச் சிறிய மொழியைத் தொடக்கப் பள்ளியில் கற்பிக்கக் கோரிய மறியல் அது. சில்சாரின் பதினோரு பெயர்களைச் சொல்லுமளவுக்கு இந்த ஒரு பெயரைச் சொல்ல வங்காள உலகத்தில் ஆளில்லை.

வரவிருக்கும் கணக்கெடுப்பில் மேற்கு அசாமின் துப்ரி மாவட்டத்தின் ஒரு வீட்டு வாசலில் தாய்மொழி என்ன என்று கேட்கப்போகிறார்கள். கோல்பாரியா பேசுகிறவர்கள் தங்களுக்குள் அதைத் 'தேஷி பாஷா', ஊர்ப் பேச்சு என்பார்கள். வாசலில் அதைச் சொல்வார்களா, அசாமி என்பார்களா, ராஜ்பன்ஷி என்பார்களா தெரியாது. எதைச் சொன்னால் பிள்ளைகளுக்குக் கெடுதல் வராது என்று பார்த்துச் சொல்வதை யாரும் குறை சொல்ல முடியாது. வாசலில் நிற்பவர் சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும் என்பது விதி. தொகுப்பதெல்லாம் பிறகு அலுவலகத்தில் நடக்கிறது. 2011இல் மக்கள் வாயிலிருந்து வந்த தாய்மொழிப் பெயர்கள் 19,569. அவற்றைச் சலித்துப் பகுத்து 1,369 தாய்மொழிகளாக்கி, கடைசியில் பத்தாயிரம் பேருக்கு மேல் பேசும் 121 மொழிகளின் கீழே அடைத்தார்கள். ராஜ்பன்ஷியும் சக்மாவும் வங்காளம் என்ற தலைப்பின் கீழே வந்தன. 121இன் பட்டியலை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு அந்த 19,569ஐப் படிக்க வேண்டும்: ஊர்ப் பெயரைச் சொன்னவர்கள், சாதிப் பெயரைச் சொன்னவர்கள், ஆற்றின் பெயரைச் சொன்னவர்கள், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதையே தானும் சொன்னவர்கள், எழுதுகிறவரின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்ல வந்ததை மாற்றிக்கொண்டவர்கள்.